ஆடுகளைத் தாக்கும் ஒட்டுண்ணி இலையான்களும் அவற்றைக் கட்டுப்படுத்தலும்

க.பொ.த. சாதாரண தரம் – விவசாயமும் உணவுத் தொழினுட்பமும்
அலகு: விலங்கு வளர்ப்பு – புறவொட்டுண்ணிகளும் அகவொட்டுண்ணிகளும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்
• ஆடுகளைத் தாக்கும் பிரதான இலையான்களை இனங்காண்பீர்கள்.
• அவற்றின் வாழ்க்கை வட்டத்தை விளக்குவீர்கள்.
• வாழ்க்கை வட்டத்தின் எந்தக் கட்டத்தில் எந்த முறையால் அவற்றைக் கட்டுப்படுத்தலாம் எனக் காரணத்துடன் எழுதுவீர்கள்.
• புழுத்த புண்ணுக்குச் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் வேறுபடுத்துவீர்கள்.

1. அறிமுகம்

இலங்கையின் உலர் வலயத்தில் ஆடு வளர்ப்பு பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் தொழிலாகும். காணியோ பெரிய முதலோ இல்லாதவர்களும் இரண்டு மறியாடுகளுடன் இதனைத் தொடங்க முடியும். ஆகவே ஓர் ஆடு இறந்தால் ஒரு விலங்கு மட்டும் இழக்கப்படுவதில்லை. அதன் பாலும், அடுத்து ஈனவிருந்த குட்டிகளும், அவசரத் தேவைக்கு விற்கலாம் என வைத்திருந்த பணமும் சேர்ந்தே இழக்கப்படுகின்றன.

ஆடுகளின் ஒட்டுண்ணிகள் என்றதும் மாணவர்களின் நினைவுக்கு வருபவை குடற்புழுக்கள், உண்ணி, பேன், தெள்ளு என்பனவே. இலையானைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் கவனிக்கப்படாத ஒரு சிறு கீறலில் இலையான் முட்டையிட்டால் நல்ல ஆரோக்கியமான ஆடொன்று சில நாட்களில் படுத்துவிடும். சிகிச்சை கிடைக்காவிட்டால் இறக்கவும் கூடும். இந்த இழப்பு பெரும்பாலும் செலவின்றித் தடுக்கக்கூடியது என்பதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

2. இலையான்களின் பொது இயல்புகள்

இலையான்கள் பூச்சி வகுப்பில் டிப்தெரா வருணத்தைச் சேர்ந்தவை. ஒரு சோடிச் சிறகுகள் மட்டுமே பறத்தலுக்கு உதவும். பின்சோடி சமநிலை பேணும் சிறு குமிழ்களாக மாறியுள்ளது. எல்லாப் பூச்சிகளையும் போல மூன்று சோடிக் கால்கள் உண்டு.

இவை நிறைவான உருமாற்றம் உடையவை.

முட்டை → குடம்பி → கூட்டுப்புழு → நிறைவுடலி

இங்கு ஒரு முக்கியமான விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஆடுகளில் புழுப்புண்ணை ஏற்படுத்தும் இலையான்களில் ஒட்டுண்ணியாக வாழ்வது குடம்பிப் பருவமேயாகும். கூட்டுப்புழுப் பருவம் மண்ணில் கழிகின்றது. நிறைவுடலி சுயாதீனமாகப் பறந்து திரிகின்றது. ஆகவே ஆட்டின் உடலில் உள்ள புழுவை அகற்றுவதுடன் வேலை முடிந்துவிடாது. நிலத்திலும் கொட்டிலிலும் உள்ள ஏனைய பருவங்களையும் கவனித்தாலே வட்டம் அறுக்கப்படும்.

உயிருள்ள விலங்கின் உடலில் இலையான் குடம்பிகள் வளர்வதால் ஏற்படும் நிலை புழுப்புண் நோய் எனப்படும்.

3. பிரதான இலையான் இனங்கள்

3.1 திருகுப்புழு இலையான்

விஞ்ஞானப் பெயர்: கிரைசோமியா பெசியானா. இது தென்னாசியா, தென்கிழக்காசியா, ஆபிரிக்கா ஆகிய பிரதேசங்களில் காணப்படும் இனமாகும். இலங்கையிலும் உண்டு. உலோகம் போல மினுங்கும் நீலப்பச்சை நிற உடலைக் கொண்டது.

சாதாரண வீட்டிலையானின் குடம்பி அழுகிய பொருளை உண்ணும். திருகுப்புழுவோ உயிருள்ள இழையத்தை மட்டுமே உண்டு வளரும். இதனால் இது கட்டாய ஒட்டுண்ணி எனப்படும்.

வாழ்க்கை வட்டம்:
• பெண் இலையான் புண்ணின் ஓரத்தில் அல்லது உடலின் இயற்கைத் துவாரங்களின் ஓரத்தில் 100 – 250 வரையான முட்டைகளை ஒரே திரளாக இடும்.
• முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிக்கும்.
• குடம்பிகள் தலைகீழாக இழையத்தைத் துளைத்து உட்சென்று 5 – 7 நாட்கள் உண்ணும். உடலைச் சுற்றி வரிசையாக முட்கள் இருப்பதால் திருகாணி போலத் தோற்றமளிக்கும். முதிர்ந்த குடம்பி ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் நீளமானது.
• முதிர்ந்த குடம்பிகள் நிலத்தில் வீழ்ந்து மண்ணுள் சென்று கூட்டுப்புழுவாகும். வெப்பமான காலநிலையில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறைவுடலி வெளிவரும்.
• முழு வட்டமும் வெப்ப வலயத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் நிறைவுறும்.

குடம்பியின் சுவாசத் துவாரங்கள் அதன் பின் முனையில் உள்ளன. எனவே அது தலையை இழையத்தினுள் புதைத்து, பின் முனையை வெளியே நீட்டிச் சுவாசிக்கும். புண்ணினுள் வெண்ணிறப் புள்ளிகள் அசைவது போலத் தெரிவது இதனாலேயாகும்.

முட்டையிடப்படும் இடங்கள்:
• புதிதாகப் பிறந்த குட்டியின் தொப்புள்
• ஈன்ற தாய் ஆட்டின் இனப்பெருக்க உறுப்புப் பகுதி
• கொம்பு நீக்கல், விதையடித்தல், காதில் அடையாளமிடல் ஆகியவற்றால் ஏற்படும் காயங்கள்
• முட்கம்பிக் கீறல், நாய்க்கடி, கிடாய்கள் முட்டுவதால் ஏற்படும் காயங்கள்
• உண்ணி கடித்த சிறு புள்ளிகள்

அறிகுறிகள்: ஆடு மந்தையை விட்டு விலகி நிற்கும். காயத்தை அடிக்கடி நக்கும் அல்லது கடிக்கும். காயத்திலிருந்து இரத்தம் கலந்த நீர் வடியும். துர்நாற்றம் வீசும். இந்த நாற்றம் மேலும் பல இலையான்களை ஈர்ப்பதால் ஒரே புண்ணில் வெவ்வேறு வயதுப் புழுக்கள் காணப்படும். உணவு உட்கொள்ளல் குறைந்து உடல் மெலியும்.

3.2 மூக்குப்புழு இலையான்

விஞ்ஞானப் பெயர்: எஸ்ட்ரஸ் ஓவிஸ். செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் தாக்கும். ஆடு வளர்க்கப்படும் பெரும்பாலான நாடுகளில் காணப்படும்.

இதன் சிறப்பியல்பு முட்டையிடாமையாகும். முட்டைகள் பெண் இலையானின் உடலினுள்ளேயே பொரிக்கும். வெயில் நேரத்தில் ஆட்டின் மூக்குத் துவாரத்தை நோக்கிப் பறந்து வந்து, ஒரு மில்லிமீற்றர் அளவான உயிருள்ள குடம்பிகளை அங்கு விசிறிச் செல்லும். நிறைவுடலியின் வாயுறுப்புகள் விருத்தியடையாதவை. அது உணவு உட்கொள்வதில்லை. எனவே “இந்த இலையான் ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும்” என எழுதுவது பிழையாகும்.

குடம்பிகள் மூக்குக் குழியில் ஊர்ந்து, நெற்றி எலும்பினுள் உள்ள காற்றறைகளை அடைந்து வளரும். முதிர்ந்த குடம்பி 2 – 3 சென்ரிமீற்றர் நீளமும் முதுகுப்புறத்தில் கருநிறப் பட்டிகளும் உடையது. ஆடு தும்மும்போது வெளியே வீழ்ந்து மண்ணில் கூட்டுப்புழுவாகும். ஆட்டினுள் குடம்பி இருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு மாதம் முதல், குளிர்காலமுள்ள நாடுகளில் பல மாதங்கள் வரை நீடிக்கும்.

அறிகுறிகள்: மூக்கிலிருந்து சளி வடிதல், சில வேளைகளில் இரத்தம் கலந்திருத்தல், தொடர்ச்சியான தும்மல், மூக்கை நிலத்தில் அல்லது காலில் உரசுதல், தலையை உதறுதல். இலையான் சுற்றும் வேளையில் செம்மறிகள் மேய்வதை நிறுத்தி, ஒன்றின் உடலுக்குக் கீழ் மற்றொன்று மூக்கை மறைத்துக் கூட்டமாக நிற்கும். மேய்ச்சல் நேரம் குறைவதால் உடல் நிறை அதிகரிப்பும் குறையும்.

கவனிக்க: இவ்விலையான் சில வேளைகளில் மனிதரின் கண்ணிலும் குடம்பிகளை விடும். ஆடு மேய்ப்பவருக்குத் திடீரெனக் கண்ணில் ஏதோ பட்டது போன்ற உணர்வும் சிவப்பும் எரிவும் ஏற்பட்டால் கண்ணைக் கசக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

3.3 செம்மறிப் பச்சை இலையான்

விஞ்ஞானப் பெயர்கள்: லுசிலியா குப்ரினா, லுசிலியா செரிகாட்டா. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா போன்ற கம்பளிச் செம்மறி வளர்க்கும் நாடுகளில் இவை பெரும் பிரச்சினையாகும்.

சிறுநீராலும் கழிச்சலாலும் நனைந்து அழுக்கேறிய கம்பளியில் முட்டையிடும். இங்கு காயம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஈரமான கம்பளியே போதுமானது. பொரித்த குடம்பிகள் தோலைச் சுரண்டியும் நொதியங்களைச் சுரந்தும் புண்ணை உண்டாக்கும். குடற்புழுவால் கழிச்சல் ஏற்பட்ட செம்மறிகளில் இந்நோய் கூடுதலாகும். எனவே குடற்புழு நீக்கலும் ஓர் இலையான் கட்டுப்பாட்டு முறையேயாகும். கம்பளி வெட்டல், வாற்பகுதிக் கம்பளியை இடையிடையே கத்தரித்தல், வால் குறைத்தல் என்பனவும் அந்நாடுகளில் மேற்கொள்ளப்படுகின்றன.

இலங்கையின் வடபகுதியில் வளர்க்கப்படும் உள்ளூர்ச் செம்மறிகள் அடர்ந்த கம்பளி அற்றவை. அவற்றின் உடலுறை மயிர் போன்றது. இதனால் கம்பளியில் ஏற்படும் இவ்வகைத் தாக்கம் எமது நாட்டில் பிரதானமானதன்று. காயங்களில் ஏற்படும் புழுப்புண்ணே இங்கு கவனிக்க வேண்டியதாகும்.

3.4 சிறகற்ற இலையான் – கெட்

விஞ்ஞானப் பெயர்: மெலோபாகஸ் ஓவினஸ். குளிர் பிரதேசச் செம்மறிகளில் காணப்படும். 4 – 6 மில்லிமீற்றர் நீளமானது. சிறகுகள் இல்லாமையாலும் தட்டையான உடலாலும் உண்ணி எனத் தவறாகக் கருதப்படும். கால்களை எண்ணிப் பார்த்தால் ஐயம் தீரும். உண்ணிக்கு நான்கு சோடி, கெட்டுக்கு மூன்று சோடி.

இது வாழ்நாள் முழுவதையும் செம்மறியின் உடலிலேயே கழித்து இரத்தத்தை உறிஞ்சும். கூட்டுப்புழுவும் கம்பளியிலேயே ஒட்டியிருக்கும். ஆகவே கம்பளியை வெட்டும்போது பெரும் பகுதி நீங்கிவிடும். மருந்து கூட்டுப்புழுவைத் தாக்காது. அதனால் எஞ்சிய கூட்டுப்புழுக்களிலிருந்து வெளிவருவனவற்றை அழிப்பதற்கு 3 – 4 வாரங்களின் பின் மீண்டும் மருந்திட வேண்டும்.

3.5 கொட்டில் இலையான்

விஞ்ஞானப் பெயர்: ஸ்டோமொக்சிஸ் கல்சிட்ரன்ஸ். வீட்டிலையானைப் போன்ற தோற்றமுடையது. ஆனால் தலையிலிருந்து முன்னோக்கி நீட்டிய கூரிய ஊசி போன்ற வாயுறுப்புண்டு. ஆண், பெண் இரண்டும் இரத்தம் உறிஞ்சும். பெரும்பாலும் கால்களிலேயே கடிக்கும். ஆடுகள் ஓயாது காலை உதைத்து நிலத்தில் தட்டுவது இதன் அறிகுறியாகும். எருவும் சிறுநீரும் கலந்து அழுகிய வைக்கோல், குழைக் கழிவுகள் என்பனவே இது பெருகும் இடங்கள்.

4. கட்டுப்பாட்டு முறைகள்

பரீட்சையில் “கட்டுப்பாட்டு முறைகளைக் குறிப்பிடுக” எனக் கேட்கப்பட்டால் “மருந்து தெளித்தல்” என மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். பின்வரும் தலைப்புகளின் கீழ் ஒழுங்காக எழுதுக.

4.1 முகாமைத்துவ முறைகள்

• தினமும் காலையிலும் மாலையிலும் ஆடுகளைப் பார்வையிடல். முட்டை ஒரு நாளுக்குள் பொரிப்பதால், இரண்டு நாட்களுக்கு ஒரு முறை பார்ப்பது போதுமானதன்று.
• குட்டி பிறந்தவுடன் தொப்புள்கொடியை அயடீன் கரைசலில் தோய்த்தல். தொப்புள் உலரும் வரை தினமும் பார்த்தல்.
• கொம்பு நீக்கல், விதையடித்தல், காதில் அடையாளமிடல் போன்றவற்றை இலையான்கள் குறைந்த காலத்தில் செய்தல். செய்த பின் காயம் ஆறும் வரை பாதுகாத்தல்.
• உண்ணிகளைக் கட்டுப்படுத்தல்.
• வேலியிலும் கொட்டிலிலும் நீட்டி நிற்கும் ஆணி, முட்கம்பி, கூரிய தடி என்பவற்றை அகற்றல்.
• குடற்புழு நீக்கலை உரிய காலத்தில் செய்து கழிச்சலைத் தவிர்த்தல்.

4.2 சூழல் சுகாதாரம்

• தரையிலிருந்து உயர்த்தப்பட்ட, இடைவெளிவிட்ட பலகைத் தளமுடைய கொட்டிலை அமைத்தல். புழுக்கையும் சிறுநீரும் கீழே வீழ்வதால் ஆடு உலர்ந்த தளத்தில் நிற்கும்.
• கொட்டிலின் கீழ்ச் சேரும் எருவை வாரத்துக்கு ஒரு முறையேனும் அகற்றல்.

ஏன் வாரத்துக்கு ஒரு முறை? எருவில் பெருகும் இலையான்கள் முட்டையிலிருந்து நிறைவுடலியாக வெப்பமான காலநிலையிலும் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அதற்கு முன் எருவை அகற்றினால் புதிய சந்ததி அங்கிருந்து பறந்து செல்ல முடியாது. மாதமொரு முறை அகற்றினால் ஒரு சந்ததி வெளியேறிய பின்னரே நாம் துப்புரவு செய்கின்றோம்.

• அகற்றிய எருவைக் குவித்து மூடிக் கூட்டெருவாக்கல். குவியலின் உட்பகுதியில் உண்டாகும் வெப்பம் குடம்பிகளை அழிக்கும். பயிருக்கு நல்ல பசளையும் கிடைக்கும்.
• உண்ணாது எஞ்சிய குழைகளைத் தினமும் அகற்றல்.
• இறந்த விலங்குகளையும் ஈன்றபின் வெளிவரும் நஞ்சுக்கொடியையும் ஆழமாகப் புதைத்தல்.

4.3 பொறிமுறை முறைகள்

இலையான் பொறிகள், கவர்ச்சிப் பொருள் வைக்கப்பட்ட பொறிகள், கொட்டில் யன்னல்களுக்கு வலையிடல் என்பன இதில் அடங்கும். பொறிகளைக் கொட்டிலுக்கு உள்ளே அல்லாமல் சற்றுத் தொலைவில் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் வெளியிலுள்ள இலையான்களையும் ஆடுகளை நோக்கி அழைத்ததாகிவிடும்.

4.4 இரசாயன முறைகள்

• புண்ணின் மேல் இடும் புழுக்கொல்லி மருந்துகள்.
• ஐவர்மெக்டின், குளோசன்டெல் போன்ற உட்செலுத்தும் அல்லது வாய்வழி மருந்துகள். மூக்குப்புழுவுக்கு இவையே பயனளிக்கும். ஏனெனில் நெற்றிக் காற்றறையினுள் உள்ள குடம்பியை வெளியிலிருந்து தெளிக்கும் மருந்து சென்றடையாது.
• சைரோமசின், டைசைக்கிளானில் போன்ற பூச்சி வளர்ச்சி சீராக்கிகள். இவை குடம்பியின் தோல் கழற்றலைத் தடுக்கும்.

பாவிக்கும்போது கவனிக்க வேண்டியவை:
(i) கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி, ஆட்டின் நிறைக்கேற்ற அளவில் மட்டும் பாவித்தல்.
(ii) மருந்து கொடுத்த பின் பாலையும் இறைச்சியையும் உணவாகக் கொள்ளாது காத்திருக்க வேண்டிய காலத்தைப் பின்பற்றல். சில மருந்துகள் பால் கறக்கும் ஆடுகளுக்கு உகந்தவை அல்ல. எனவே ஆடு கறவையில் உள்ளதா என்பதை வைத்தியருக்கு முதலில் கூற வேண்டும்.
(iii) ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து பாவிக்காதிருத்தல். அவுஸ்திரேலியாவில் பச்சை இலையான்கள் சேதனப் பொசுபரசுப் பூச்சிநாசினிகளுக்கு எதிர்ப்புத்தன்மை பெற்றமை இதற்குச் சான்றாகும்.
(iv) பயிருக்கு வாங்கிய பூச்சிநாசினியை விலங்கின் உடலில் ஒருபோதும் பூசாதிருத்தல்.

4.5 உயிரியல் முறை – மலட்டுப் பூச்சி நுட்பம்

அமெரிக்காக் கண்டங்களில் புதிய உலகத் திருகுப்புழு இலையான் என்ற வேறோர் இனம் உள்ளது. இதன் பெண் இலையான் பொதுவாக வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே புணரும். இந்த ஓர் இயல்பை அடிப்படையாகக் கொண்டு எட்வேர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லாண்ட் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு முறையை உருவாக்கினர். ஆய்வுகூடத்தில் பெருமளவில் வளர்த்த கூட்டுப்புழுக்கள் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டு மலடாக்கப்படும். வெளிவரும் மலட்டு ஆண்கள் விமானத்திலிருந்து விடப்படும். அவற்றுடன் புணரும் பெண் இடும் முட்டைகள் பொரிக்கா.

1954 இல் கரிபியன் கடலிலுள்ள குராசோ தீவில் இம்முறை வெற்றியளித்தது. ஆடுகள் நிறைந்த அத்தீவு ஏறத்தாழ 444 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இது யாழ்ப்பாண மாவட்டத்தின் பாதிக்கும் குறைவு. சில மாதங்களில் இலையான் அங்கிருந்து ஒழிக்கப்பட்டது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலிருந்தும், 1991 இல் மெக்சிகோவிலிருந்தும், 2006 இல் பனாமாவிலிருந்தும் ஒழிக்கப்பட்டது. 1988 இல் லிபியாவில் இவ்விலையான் கண்டறியப்பட்டபோது மெக்சிகோவிலிருந்து மலட்டு இலையான்கள் விமானத்தில் கொண்டு செல்லப்பட்டன. 1991 ஏப்ரலுக்குப் பின் அங்கு நோய் காணப்படவில்லை. நிப்லிங், புஷ்லாண்ட் இருவருக்கும் 1992 இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறை ஏன் வலிமையானது என்பதை ஒரு கணிப்பால் விளங்கிக் கொள்வோம். (எண்கள் விளக்கத்திற்காக எடுக்கப்பட்டவை.)

ஒரு பிரதேசத்தில் 100 பெண், 100 ஆண் இலையான்கள் உள்ளன. ஒவ்வொரு சந்ததியிலும் 900 மலட்டு ஆண்கள் விடப்படுகின்றன. வளமான புணர்ச்சியில் ஈடுபட்ட ஒவ்வொரு பெண்ணும் 5 பெண் சந்ததிகளையும் அதேயளவு ஆண் சந்ததிகளையும் தரும்.

முதலாம் சந்ததி: 1000 ஆண்களில் 100 மட்டுமே வளமானவை. எனவே 100 பெண்களில் 10 மட்டுமே வளமான முட்டையிடும். அடுத்த சந்ததிப் பெண்கள் = 10 × 5 = 50.
இரண்டாம் சந்ததி: 950 ஆண்களில் 50 வளமானவை. 50 பெண்களில் ஏறத்தாழ 2.6 மட்டுமே வளமான முட்டையிடும். அடுத்த சந்ததி = 13.
மூன்றாம் சந்ததி: 913 ஆண்களில் 13 வளமானவை. அடுத்த சந்ததி ஏறத்தாழ 1.
நான்காம் சந்ததியுடன் இலையான் இனம் அற்றுப்போகும்.

இதற்குப் பதிலாக ஒவ்வொரு சந்ததியிலும் 90% ஐக் கொல்லும் பூச்சிநாசினியைப் பாவித்தால் பெண்களின் எண்ணிக்கை 100, 50, 25, 12.5 எனப் பாதி பாதியாகவே குறையும். பூச்சிநாசினியின் வினைத்திறன் மாறாது. மலட்டு ஆண்களின் வினைத்திறனோ காட்டு இலையான்கள் குறையக் குறைய அதிகரிக்கும். இவ்வேறுபாட்டை எழுதினால் விடை முழுமையடையும்.

4.6 சட்ட, தொற்றுத்தடை முறைகள்

ஒழிக்கப்பட்ட பூச்சி மீண்டும் வரலாம். பனாமாவில் 2023 இல் திருகுப்புழு இலையான் மீண்டும் பெருகியது. அது மத்திய அமெரிக்கா வழியாகப் பரவி 2024 நவம்பரில் மெக்சிகோவில் கண்டறியப்பட்டது. புண்ணுள்ள விலங்குகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது பரவலுக்கு முக்கிய காரணியாகும். ஆகவே
• புதிதாக வாங்கிய ஆட்டைத் தனியே வைத்துப் பரிசோதித்த பின்னரே மந்தையில் சேர்த்தல்.
• புண்ணுள்ள ஆட்டைச் சுகப்படுத்தாது விற்காதிருத்தல்.
• ஓரிடத்தில் பல ஆடுகளில் புழுப்புண் காணப்பட்டால் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல்.

5. புழுத்த புண்ணுக்கு முதலுதவி

இது செய்முறையறிவு சார்ந்த பகுதி. படிகளின் ஒழுங்கு முக்கியம்.

படி 1: ஆட்டைப் பிடித்து நிறுத்துக. கையுறை அணிக.
படி 2: புண்ணைச் சுற்றியுள்ள மயிரை வெட்டுக.
படி 3: உப்பு நீரால் அல்லது ஐதான தொற்றுநீக்கியால் கழுவுக.
படி 4: புழுக்களைச் சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க. ஆழத்தில் உள்ளவற்றை வெளிவரச் செய்யும் மருந்தைக் கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி இடுக.
படி 5: எடுத்த புழுக்களைக் கொதிநீரில் இட்டு அழிக்க. நிலத்தில் எறியக் கூடாது. முதிர்ந்த குடம்பி மண்ணுள் சென்று கூட்டுப்புழுவாகிவிடும். அப்போது ஆட்டைக் குணப்படுத்திய நாமே அடுத்த சந்ததி இலையான்களை வளர்த்தவர்களாவோம்.
படி 6: வைத்தியர் தந்த மருந்தைப் புண்ணிலும், இலையானை விரட்டும் வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றியும் பூசுக.
படி 7: புண் ஆறும் வரை தினமும் பார்வையிட்டு மருந்திடுக.

செய்யக் கூடாதவை: பெற்றோல், பழைய இயந்திர எண்ணெய், மின்கல அமிலம், ஐதாக்கப்படாத பினைல் என்பவற்றை ஊற்றுதல். இவை புழுவைக் கொன்றாலும் உயிருள்ள இழையத்தையும் எரித்துப் புண்ணைப் பெரிதாக்கும். ஆடு நக்குவதால் நஞ்சூட்டலும் ஏற்படும்.

புண் ஆழமாக இருப்பின், கண், மூக்கு, தொப்புள் ஆகிய இடங்களில் இருப்பின், அல்லது ஆடு எழுந்து நிற்க முடியாதிருப்பின் தாமதியாது கால்நடை வைத்தியரை நாடவேண்டும்.

6. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – பல்தேர்வு

1. ஆட்டின் மூக்குத் துவாரத்தில் உயிருள்ள குடம்பிகளை விடும் இலையான்
(1) கொட்டில் இலையான் (2) எஸ்ட்ரஸ் ஓவிஸ் (3) லுசிலியா குப்ரினா (4) வீட்டிலையான்

2. திருகுப்புழு கட்டாய ஒட்டுண்ணி எனப்படுவது
(1) இரத்தம் உறிஞ்சுவதால் (2) மண்ணில் கூட்டுப்புழுவாவதால் (3) உயிருள்ள இழையத்தை மட்டும் உண்டு வளர்வதால் (4) சிறகற்றிருப்பதால்

3. கெட்டை உண்ணியிலிருந்து வேறுபடுத்த மிகப் பொருத்தமான இயல்பு
(1) நிறம் (2) கால்களின் எண்ணிக்கை (3) சிறகின்மை (4) இரத்தம் உறிஞ்சல்

4. மலட்டுப் பூச்சி நுட்பம் திருகுப்புழு இலையானில் வெற்றியளிக்கப் பிரதான காரணம்
(1) ஆண் இலையான் சிறியதாக இருத்தல் (2) குடம்பி மண்ணில் வாழ்தல் (3) பெண் பொதுவாக ஒரு முறை மட்டும் புணர்தல் (4) நிறைவுடலி உணவு உட்கொள்ளாமை

5. ஆடொன்று ஓயாது காலால் நிலத்தைத் தட்டுகின்றது. உடலில் புண் இல்லை. மூக்கிலிருந்து சளி வடியவில்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது
(1) திருகுப்புழு (2) மூக்குப்புழு (3) கொட்டில் இலையான் (4) குடற்புழு

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை

ஒரு விவசாயியின் பட்டியில் மூன்று நாள் வயதான குட்டியின் தொப்புளில் புழுக்கள் காணப்பட்டன. அவர் புழுக்களை எடுத்துக் கொட்டிலின் அருகே எறிந்தார். கொட்டிலின் கீழ் எரு ஒரு மாதமாக அகற்றப்படவில்லை.
(i) இந்நிலையின் பெயர் யாது?
(ii) குட்டி பிறந்தபோது செய்திருக்க வேண்டிய ஒன்றைக் குறிப்பிடுக.
(iii) விவசாயி செய்த தவறு ஏன் பாதகமானது என விளக்குக.
(iv) எருவை வாரந்தோறும் அகற்றுவதன் விஞ்ஞான அடிப்படை யாது?

7. விடைகள்

பகுதி அ: 1 – (2), 2 – (3), 3 – (2), 4 – (3), 5 – (3)

பகுதி ஆ:
(i) புழுப்புண் நோய்.
(ii) தொப்புள்கொடியை அயடீன் கரைசலில் தோய்த்தல்.
(iii) முதிர்ந்த குடம்பிகள் மண்ணுள் கூட்டுப்புழுவாகி நிறைவுடலிகளாக வெளிவந்து மீண்டும் ஆடுகளைத் தாக்கும். வாழ்க்கை வட்டம் அறுக்கப்படவில்லை.
(iv) எருவில் பெருகும் இலையான்கள் நிறைவுடலியாக ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படும். அதற்கு முன் எருவை அகற்றுவதால் குடம்பி, கூட்டுப்புழுப் பருவங்கள் நீக்கப்படும்.

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும்போது பல மாணவர்கள் “சூழல் அசுத்தமாகும்” என எழுதுவர். அது தவறன்று, ஆனால் கேட்கப்பட்ட காரணம் அதுவன்று. வாழ்க்கை வட்டத்தின் எந்தப் பருவம் எங்கு செல்கின்றது எனக் குறிப்பிட்டாலே விடை முழுமையானதாகும்.

செயற்பாடு: உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஆடுகளை ஒரு வாரத்துக்கு நாளுக்கு இரு முறை பார்வையிடுங்கள். தொப்புள், காது, கொம்படி, வாலடி, குளம்பிடை ஆகிய ஐந்து இடங்களிலும் காயம், நாற்றம், நீர் வடிதல் உண்டா எனக் குறிப்பேட்டில் பதியுங்கள். ஏதேனும் காணப்பட்டால் அன்றே பெரியவர்களிடம் கூறுங்கள். முட்டையிலிருந்து புழு வர ஒரு நாளே போதும் என்பதை மறவாதீர்கள்.